ஆகாயக்கப்பலுக்குப் பாரம் பார்த்தவர்

முதல்நாளே என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அறுபத்தொன்பது" என்றார் அவர்.

நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு ரீச்சராக நியமனம் கிடைத்து, கையில் ஒரு சூட்கேசும் மனம் நிறைய எரிச்சலுமாக யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்கு நான் போயிருந்தேன். குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகும் மினிபஸ்ஸின் சாரதி அவர். கதவடியில் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தார். சீற் நம்பர் சொல்கிறாராக்கும் என்று நினைத்தேன். இருபத்தொன்பது சீற் உள்ள பஸ்ஸில் அறுபத்தொன்பதாவது சீற் எங்கே இருக்கும் என்று முழித்துக்கொண்டு நின்றேன்.

"சீற் இல்லை ரீச்சர், உங்கடை பாரம். சூட்கேஸ் தனிய ஒரு பன்னிரண்டு வரும். வலப்பக்கம் கூடிப்போச்சு, நீங்கள் இடப்பக்கம் பின் சில்லுக்கு மேலை இருங்கோ."

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கலியாணம் கட்டாத முப்பது வயதுப் பெண்ணை நடு பஸ் நிலையத்தில் வைத்து நிறுத்துப் பார்த்துவிட்டு, மனுசன் ஒன்றும் நடக்காததுபோல் அடுத்த ஆளுக்கு "எண்பத்திநாலு, முன்னுக்குப் போங்கோ ஐயா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அன்று பின்னேரம் தீவு ஆஸ்பத்திரியில் இருந்த தராசில் ஏறிப் பார்த்தேன். அறுபத்தொன்பது. பிழையாகச் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

மினிபஸ்ஸுக்கு வருமுன் சுன்னாகம் சந்தையில் பல வருடம் வெங்காய மூடை ஏற்றி இறக்கியவர் அவர். மூடையைத் தொடாமலே கிலோச் சொல்லப் பழகிய கண், பிறகு மனிதர்களையும் விட்டுவைக்கவில்லை. பாரம் பார்த்து ஆட்களை இருத்துவதால் அவருடைய பஸ் ஒருநாளும் ஒருபக்கம் சரிந்து ஓடியதில்லை. "ரயர் தேயாது, ஸ்பிறிங் உடையாது, சனம் ஆளையாள் நெரிக்காது" என்பார். மற்றச் சாரதிகள் அவரைத் 'தராசு' என்று கூப்பிட்டார்கள். அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

அவருடைய வாயால் ஒரு கலியாணமே குழம்பப் பார்த்தது. மாப்பிள்ளையின் தாய் பஸ்ஸில் இருந்துகொண்டு, பெண் மெலிந்த பிள்ளை, நாற்பத்தெட்டுக் கிலோத்தான் என்று பக்கத்துப் பெண்ணிடம் பெருமையாகக் கதைத்துக்கொண்டு வந்திருக்கிறார். எந்தப் பெண் என்று விசாரித்த இவர், பிறேக்கைப் பிடித்துக்கொண்டே திரும்பி, "அந்தப் பிள்ளையோ? ஐம்பத்தாறு. செவ்வாய்க்கிழமையும் என்ரை பஸ்ஸிலைதான் வந்தது" என்றாராம். பெண் வீட்டார் ஒரு கிழமை இவரைத் தேடித் திரிந்தார்கள். கடைசியில் கலியாணம் நடந்தது. இவருக்கும் அழைப்புக் காட் வந்தது. போய்ச் சாப்பிட்டுவிட்டு, பந்தலில் எத்தனை கிலோச் சனம் என்று எனக்குச் சொன்னார்.

இந்த மனுசனின் மனைவிதான் தீவின் மருத்துவிச்சி. தீவுச் சனம் முழுக்க அவரை 'மிஸ்' என்றுதான் கூப்பிடும். என்னுடைய ஆசிரியர் விடுதிக்குப் பக்கத்துக் குவாட்டர்ஸ் அவருடையது. திங்கட்கிழமை படகேறி வந்தால் வெள்ளிக்கிழமைதான் சுன்னாகத்துக்குத் திரும்புவார். பிள்ளைப்பேறு இருந்தால் அந்தக் கிழமை போவதில்லை. சோளகக் காற்று அடித்துக் கடல் கொந்தளித்தால் படகும் ஓடாது. நான் போனபோதே அவர் அங்கே மூன்று வருடம் முடித்திருந்தார். மாற்றம் கேட்டு எழுதாத வருடம் இல்லை. அவருடைய இடத்துக்கு வர வேறு ஒருவரும் சம்மதிக்காததால் மாற்றமும் வரவில்லை.

அதைவிட மிஸ்ஸுக்கு ஒரு பெரிய மனக்குறை இருந்தது. புருசன் ஒருநாளாவது தீவுக்கு வந்ததில்லை. திங்கள் காலையில் இறங்குதுறை வரை கொண்டுவந்து விடுவார். படகு கட்டும் பாலத்தின் கடைசிக்கு நாலடி இருக்க நின்றுவிடுவார். பையை அங்கிருந்தே கையை நீட்டிக் கொடுப்பார். படகுக்குள் காலை வைக்கச் சொன்னால் முகம் வெளிறிவிடும்.

"ஒருக்கா வந்து நான் இருக்கிற இடத்தைப் பாக்கட்டுமன் ரீச்சர். நான் சமைக்கிற அடுப்பை, படுக்கிற கட்டிலை. ஒரு மணித்தியாலப் பயணம். அதுக்கும் இந்த மனுசனுக்கு நெஞ்சு பத்தாது" என்று மிஸ் என்னிடம் அழாத குறையாகச் சொல்வார். எனக்கும் பற்றிக்கொண்டு வரும். ஊராருடைய பாரமெல்லாம் பார்க்கத் தெரிந்தவருக்குக் கட்டினவளுடைய மனப்பாரம் தெரியாதா என்று ஏசியும் இருக்கிறேன்.

அப்படிப்பட்டவர் ஆகாயக்கப்பலில் ஏற ஆசைப்பட்டார் என்றால் நம்புவீர்களா?

டீசலுக்கு நாள்கணக்காக வரிசையில் நின்ற காலத்தில் வந்த வினை அது. மினிபஸ்ஸை வரிசையில் விட்டுவிட்டு, சீற்றில் சாய்ந்து போனில் வீடியோ பார்த்துக்கொண்டு கிடந்தவருக்கு ஆகாயக்கப்பல் கண்ணில் பட்டது. நீட்டு வாக்கில் பென்னாம்பெரிய பலூன். அதன் வயிறு நிறைய ஹீலியம் காஸ். அடியில் ஆட்கள் இருக்க ஒரு அறை, பக்கத்தில் சின்ன எஞ்சின்கள். பழைய காலத்தில் எரிந்து விழுந்த சாமான் இல்லை, இப்போது வெளிநாடுகளில் புதிதாகக் கட்டிப் பறக்கவிட்டுப் பார்க்கிறார்கள். கொஞ்ச எரிபொருள் போதும், ஓடுபாதையும் வேண்டாம். அடுத்த திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறிய என்னிடம் கணக்கெழுதி நிரப்பிய ஒரு சீ.ஆர். கொப்பியை நீட்டினார்.

"ரீச்சர், கணக்குச் சரியோ எண்டு பாருங்கோ. ஒரு கன மீற்றர் காஸ் ஒரு கிலோத் தூக்கும். எங்கடை போட் கொண்டுபோற அறுபது பேரையும் தூக்க, கப்பலின்ரை சொந்தப் பாரத்தையும் சேர்த்தால், இருபதாயிரம் கன மீற்றர் வேணும். சரியோ?"

ஏதாவது பிழை பிடித்து மானத்தை வாங்கலாம் என்று பக்கம் பக்கமாகப் பார்த்தேன். எழுத்துப்பிழை நிறைய இருந்தது. கணக்கில் ஒன்றும் இல்லை.

அந்த வருட நல்லூர்த் திருவிழாவில் பரிசோதனையும் நடந்தது. வேட்டியும் வெறும் மேலுமாகச் சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தவர், காஸ் பலூன் விற்கிறவனிடம் கையில் இருந்த அத்தனை பலூனையும் வாங்கி, ஒரு கிலோ சின்ன வெங்காயம் இருந்த சொப்பிங் பையில் கட்டினார். பை அசையவில்லை. ஒவ்வொரு வெங்காயமாக எடுத்து வேட்டி மடிப்புக்குள் போட்டார். சுற்றிவரச் சனம் கூடிவிட்டது. கடமையில் நின்ற பொலிஸ்காரர் வந்து என்ன இது என்று கேட்க, "ஒண்டுமில்லை சேர், மனுசியைத் தூக்க எவ்வளவு காஸ் வேணும் எண்டு பாக்கிறன்" என்றிருக்கிறார். மிஸ் அடுத்த தெருவுக்கே ஓடிவிட்டார். கடைசியில் பையில் பதினொரு வெங்காயம் மிஞ்சியபோது அது மெல்ல மேலே கிளம்பியது. அவர் கைதட்டினாராம், சனமும் கைதட்டியதாம்.

"பதினொரு வெங்காயம் ரீச்சர்! அப்ப இவவைத் தூக்க எத்தினை பலூன் எண்டு பாருங்கோவன்."

"முதல்லை அவவோடை போட்டிலை ஏறப் பாருங்கோ" என்றேன் நான். அவருக்கு அது காதில் விழவில்லை, அல்லது விழாததுபோல் இருந்தார்.

இவ்வளவுக்கும் ஆகாயக்கப்பலில் அவரைப்போல் குறை கண்டவரும் இல்லை. இது எனக்கு ஒரு கூட்டத்தில்தான் விளங்கியது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பெரியவர், தீவுகளுக்கு ஆகாயக்கப்பல் விடும் திட்டம் பற்றி நல்லூரில் ஒரு மண்டபத்தில் படம் போட்டு விளக்கினார். கோட் போட்டவர், நல்ல மனுசன், பேச்சும் நல்லாக இருந்தது. கேள்வி இருந்தால் கேட்கலாம் என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, எங்கள் ஆள் கொப்பியோடு எழும்பிவிட்டார்.

"ஐயா, கப்பல் நெடுந்தீவிலை இறங்குது. அறுபது பேர் இறங்குகினம். நாலாயிரத்து இருநூறு கிலோ ஒரேயடியாக் குறைஞ்சுபோச்சு. பிறகு மேலை போற கப்பலை ஆர் பிடிக்கிறது?"

பெரியவர் சிரித்தார். "அது ஒரு தொழில்நுட்ப விசயம். கொம்பனிக்காரர் பாத்துக்கொள்ளுவினம்."

"கொம்பனி கீழை நிண்டு பாத்துக்கொண்டுதான் இருக்கும் ஐயா, கப்பல் போயிடும். ஒராள் இறங்க, அதே பாரத்துக்கு ஒராள் ஏறவேணும். தொண்ணூறு கிலோ ஆள் இறங்கினால் நாப்பத்தைஞ்சு கிலோப் பெட்டையள் இரண்டு பேர் ஏறவேணும். எங்கடை சனம் அப்பிடி வரிசையிலை இறங்குமோ? என்ரை பஸ் நிக்க முதலே குதிக்கிற சனம்!"

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. அவர் சிரிக்கவில்லை.

"அதுக்கு ஒரு வழி இருக்கு. ஆக்கள் இறங்க இறங்கக் கடல் தண்ணியைப் பம்ப் பண்ணி ஏத்தலாம். நான் கணக்குப் பாத்திட்டன். ஆனால் கட்டுறது எங்கை? கப்பலின்ரை மூக்கை ஒரு கம்பத்திலை கட்டினால், காத்து மாற மாற அது கம்பத்தைச் சுத்தும். சுத்துற வட்டத்துக்குள்ளை ஒரு பனை நிக்கேலாது. சரி, நெடுந்தீவிலை வெளி இருக்கு. குறிகட்டுவானிலை? சோளகம் மாசக்கணக்கா அடிக்கும், அப்ப கப்பலை எந்தக் கொட்டிலுக்கை விடுறது? அந்தக் கொட்டிலை ஆர் கட்டுறது?"

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்படிப்பட்ட ஒரு ஆள் திட்டத்துக்குத் தேவை, ஆலோசகராக வரமுடியுமா என்று கேட்டார். இவர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"யோசிக்கலாம். உங்களுக்கு எண்பத்தாறு, என்ன?"

"எண்பத்திரண்டு" என்றார் பெரியவர்.

"சாப்பாட்டுக்கு முதலாக்கும்."

கூட்டம் முடிந்து மிஸ்ஸும் அவரும் நானும் பக்கத்துக் கூல்பாருக்குப் போனோம். மிஸ் ஐஸ்கிறீம் வாங்க உள்ளே போன நேரம் பார்த்து, எனக்கு வந்த ஆத்திரத்தில் கேட்டேன். "என்ன அண்ணை, ஏறவேணும் எண்டு துடிச்சதும் நீங்கள்தான். இப்ப கூட்டத்தையே கவிட்டுப்போட்டதும் நீங்கள்தான். உங்களுக்கு என்ன விசரோ?"

"குறை முழுக்கத் தெரிஞ்சால்தானே ரீச்சர் ஒண்டை நம்பி ஏறலாம்" என்றார். பிறகு கொப்பியை மூடி வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார். "ஆளை ஆளா நிறுத்துக் கணக்கெடுக்காமல் வெளிக்கிட ஏலாத வாகனம் அது. எனக்கு அதுதான் பிடிச்சது."

பிறகுதான் அந்தக் கதை வந்தது. சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து கிளாலியால் கடலேரி கடந்தபோது அவருக்குப் பதினொரு வயது. படகில் சனமும் சாமானும் அளவுக்கு மிஞ்சிவிட்டன. நடுவில் தண்ணீர் உள்ளே வரத் தொடங்கியதும் யாரோ கத்தியிருக்கிறார்கள், கைக்குப் பட்டதை எறியத் தொடங்கியிருக்கிறார்கள். இவருடைய அம்மாவின் தையல் மெசினும் போனது. அதை வைத்துத்தான் அந்தக் குடும்பம் சாப்பிட்டது.

"அம்மா ரீச்சர், மெசின் போன இடத்தையே பாத்துக்கொண்டு இருந்தவ. இருபது கிலோக்கூட வராத மெசின். அதை எறிய வேண்டி வந்ததோ, இல்லையோ, எனக்கு இண்டைக்கும் தெரியாது. அண்டைக்கு ஆரும் நிறுக்கேல்லை. சும்மா குத்துமதிப்பிலை எறிஞ்சவங்கள்."

ஐஸ்கிறீமோடு வந்த மிஸ்ஸும் நின்று கேட்டார். புருசனுடைய ஐஸ்கிறீம் உருகிப்போனது. அதற்குப் பிறகு நான் அவரை ஏசவில்லை என்று எழுத ஆசைதான். ஏசினேன், ஆனால் முந்திய சுருதியில் இல்லை.

மிஸ் தீவுக்குப் போய் எட்டாவது வருடம் மாற்றக் கடிதம் வந்தது. சுன்னாகத்துக்குப் பக்கத்திலேயே வேலை. தீவுத் தாய்மார் சேர்ந்து ஒரு சனிக்கிழமை பிரியாவிடை ஒழுங்கு செய்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன் மிஸ் போனில் புருசனோடு கதைத்தது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"இஞ்சருங்கோ, வடிவாக் கேளுங்கோ. சனிக்கிழமை நீங்கள் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனால் வருவன். இல்லையெண்டால் கடிதத்தைத் திருப்பிக் குடுத்திட்டு இஞ்சையே கிடப்பன். ஆகாயக்கப்பல் வருமட்டும் பாத்துக்கொண்டிருக்க எனக்கு ஏலாது."

விளையாட்டுக் குரல் இல்லை அது. மிஸ் சொன்னால் செய்கிற ஆள். அவரை எப்படியாவது படகில் ஏற்றிக் கொண்டுவரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

சனிக்கிழமை காலை இறங்குதுறையில் அவர் தோய்ந்து, நீறு பூசி, இஸ்திரி போட்ட சேட்டோடு வந்து நின்றார். பாலத்தின் கடைசிக்கு நாலடி இருக்கக் கால் நின்றுவிட்டது. என்ன சொல்லியும் அசையவில்லை. நான் அவருடைய கொப்பியைப் பறித்தேன். படகின் பக்கத்தில் எத்தனை பேர் ஏற்றலாம் என்று எழுதியிருந்தது. ஏறியிருந்தவர்களை ஒவ்வொருவராக அவரிடமே கேட்டுக் கேட்டு எழுதிக் கூட்டினேன். ஆளுக்கு எழுபது கிலோ என்று பார்க்க, அனுமதித்த அளவுக்கு முந்நூறு கிலோவுக்கு மேல் குறைவாக வந்தது. கீழே என் பெயரை எழுதி, 'பட்டதாரிக் கணித ஆசிரியை' என்றும் எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

"என்னைச் சேத்தனீங்களோ?"

"உங்களையும் சேத்தாச்சு. எழுபத்திநாலு."

"எழுபத்தைஞ்சு" என்று திருத்திவிட்டு ஏறினார்.

ஏறினவர் சும்மா இருந்தாரா? ஐயோ, ஆட்களை இடம் மாற்றி இருத்தியே கால்மணி நேரம் போயிற்று. ஒரு ஐயரை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு அனுப்பினார். பிறகு சரி நடுவில் சப்பாணி கட்டி இருந்து, கண்ணை மூடி, இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டார். வழி முழுக்க அவருக்கு ஒன்றும் செய்யவில்லை. ஐந்து வருடமாக அந்தக் கடலில் ஒருநாளும் சத்தி எடுக்காத நான்தான், அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டுமே என்ற பயத்தில் பக்கத்துப் பெண்ணின் மடியில் எடுத்தேன்.

மிஸ் இறங்குதுறையில் நின்றார். புருசன் படகிலிருந்து எழும்பியதைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவர் இறங்கி வந்து, "அழாதையும், சனம் பாக்குது" என்றார். குவாட்டர்ஸுக்குக் கூட்டிப் போய் மிஸ் எல்லாவற்றையும் காட்டினார். சுவரில் ஒரு கலண்டர் தொங்கியது. படகு ஓடாததால் வீட்டுக்கு வர முடியாமல்போன நாள்களை மிஸ் வட்டம் போட்டு வைத்திருந்தார். அவர் தாளைத் தாளாகப் புரட்டி வட்டங்களை எண்ணிக்கொண்டு நின்றார். சாப்பிடக் கூப்பிட்டும் கனநேரம் வரவில்லை.

பிரியாவிடைக்குத் தீவில் அரைவாசிச் சனம் வந்தது. மிஸ் கையில் ஏந்திய பிள்ளைகளெல்லாம் வரிசையாக வந்தார்கள். வெறுங்கையோடு யாரும் வரவில்லை, மிஸ்ஸை வெறுங்கையோடு அனுப்பவும் அவர்களுக்கு மனம் இல்லை. புழுக்கொடியல், பனாட்டு, கருவாட்டுப் பொட்டலம், பாய், கடகம், இரண்டு கோழி, போதாததற்கு ஒரு ஆட்டுக்குட்டி. வேண்டாம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். எல்லாவற்றையும் உழவு மெசினின் பின்னால் இழுபடும் பெட்டியில் ஏற்றிக்கொண்டு பின்னேரம் இறங்குதுறைக்குப் போனோம்.

அது அன்றைய கடைசிப் படகு, சனம் ஏற்கெனவே நிறைந்துவிட்டது. நான் ஏறி இருந்தேன். ஆட்கள் சாமான்களைக் கைமாற்றி ஏற்றத் தொடங்கினார்கள். அவர் படகைப் பார்த்தார், சாமான்களைப் பார்த்தார், உதடு அசைந்தது.

"நூற்றிப்பத்துக் கிலோ கூட" என்றார்.

"அதொண்டும் செய்யாது அண்ணை" என்றான் படகோட்டி. இவர் அசையவில்லை என்றதும், "சரி, பாதியை விட்டிட்டு ஏறுங்கோ, நாளைக்கு ஏத்தி விடுறன்" என்று மேலே கிடந்த ஒரு பொட்டலத்தைத் தூக்கிப் பாலத்தில் எறிந்தான். நல்ல பெடியன், கெட்ட எண்ணத்தில் எறியவில்லை. பொட்டலம் பாலத்தில்தான் விழுந்தது. ஆனால் அந்த நேரம் அவருடைய முகத்தைப் பார்த்தவர்களில் விசயம் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். ஒன்று மிஸ், மற்றது நான்.

"எல்லாத்தையும் இறக்கு தம்பி" என்றார். "இதிலை ஒண்டையும் விட்டிட்டு இவ வரமாட்டா. அவ வராட்டில் நானும் வரேல்லை."

படகு சத்தம் போட்டது. என்னைத் தவிர ஒருவருக்கும் பொறுமை இல்லை, எனக்கும் கனக்க இல்லை. மிஸ் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஆட்டுக்குட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "நீங்கள் போங்கோ ரீச்சர், நாங்கள் நாளைக்கு வாறம்" என்றார்.

நாளைக்கு வரவில்லை. பள்ளிக்கூட விடுமுறையில் வீட்டில் இருந்த எனக்கு, கடல் சரியில்லை என்று செய்தி வந்தது. அடுத்த நாள் கடல் குளம்போல் கிடந்தது, அப்போதும் வரவில்லை. பாரம் இன்னும் கூடிவிட்டதாம், பிரியாவிடைக்கு வராமல் விட்ட தாய்மார் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்களாம். ஐந்தாம் நாள் மிஸ் மாற்றக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். மினிபஸ் குறிகட்டுவானில் வெயிலில் நின்றது. திறப்பு அவருடைய சேட் பொக்கற்றில் நெடுந்தீவில் இருந்தது. தம்பிக்காரன் பூட்டை உடைத்து எடுத்துக்கொண்டு போனான்.

பிறகு எனக்கும் மாற்றம் வந்து நல்லூர்ப் பக்கம் வந்துவிட்டேன். அவர் தீவில் உழவு மெசின் ஓட்டுகிறார், பிள்ளைத்தாச்சிகளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகிறார் என்று கேள்வி. போன மாதம் மிஸ்ஸோடு போனில் கதைத்தேன். ஆகாயக்கப்பல் வந்தால்தான் திரும்பி வருவாராம் என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, உள்ளுக்குள் கோபம்தான் வந்தது.

"எட்டு வருசமா அலைஞ்ச மாற்றமெல்லோ மிஸ்? அந்த மனுசன்ரை விசராலை எல்லாம் வீணாப்போச்சே!" என்றேன்.

யாரோ கிணற்றில் தண்ணீர் அள்ளும் சத்தம் போனில் கேட்டது.

"நான் மாற்றம் கேட்டது ஊருக்குப் போறதுக்கில்லை ரீச்சர்" என்றார். "இந்த மனுசனோடை ஒரு வீட்டிலை இருக்கிறதுக்கு."